மதினியின் வலது முட்டியில் நாற்பத்தோரு பேர்

நாப்பத்தோராவது வலியையும் என் மதினி முட்டியில இறக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நான் கதவை ஒரு மிதி மிதிச்சேன். அது தகரக் கதவு, தெரு முனை டீக்கடை வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும், ஆனா வரிசையில நின்ன ஒருத்தி கூட நகரலை, ஏன்னா நகர்ந்தா இடம் போயிரும். முன்னால பிளாஸ்டிக் சேர்ல வேட்டியைத் தொடை வரைக்கும் சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தது ஏஜென்ட் பொன்னையா. எங்க தெரு பொம்பளைங்களுக்குப் பீடி சுத்த இலையும் புகையிலைத் தூளும் குடுத்துட்டு, சுத்தின பீடியை வாங்கிட்டுப் போற ஆளு.

"எம்மா, இந்த ஆளுக்கு மட்டும் வேண்டாம்"ன்னு சொன்னேன்.

"ஏல, வாய மூடுதியா இல்லியா"ன்னு அம்மா பல்லைக் கடிச்சா. "அவுகதான் நமக்கு இலை குடுக்குறவுக."

"இலை குடுத்தா முட்டியைக் குடுக்கணுமா?"

"தம்பி சின்னப் பையன், பேசிட்டுப் போட்டும்"ன்னு பொன்னையா சிரிச்சாரு. "நீ ஆரம்பிம்மா பொன்செல்வி. எனக்கு இந்த டூவீலர் மிதிச்சு மிதிச்சு வந்த வலிதான், பெருசா ஒண்ணும் இருக்காது."

மதினி கட்டில்ல வலது காலை நீட்டி வச்சிருந்தாங்க, அந்த முட்டி அப்ப ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, சிவந்து, பக்கத்துல போனா அடுப்பு மாதிரி அனல் அடிச்சுது. குனிஞ்சு, ரெண்டு உள்ளங்கையாலயும் பொன்னையா முட்டியை மேலயிருந்து கீழ வழிச்சு, கையைத் தன் நெத்திப் பொட்டுக்குக் கொண்டு போயி விரலை மடக்கி அழுத்தினாங்க. பத்து விரலும் பட்டாசு மாதிரி வெடிச்சுது. பொன்னையா எந்திரிச்சு நின்னு, உக்காந்து, திரும்ப எந்திரிச்சு, "அடடா"ன்னு சொல்லிட்டு, அடுத்த வாரத்துல இருந்து ஆளுக்குக் கால் கிலோ இலை கூடன்னு அறிவிச்சிட்டு வண்டியில ஏறிப் போனாரு. மதினி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. முதுகு மட்டும் ஆடுச்சு.

இது எப்படி வந்ததுன்னு சொல்லுதேன், சுருக்கமாத்தான் சொல்லுவேன், எனக்கு இழுக்குறது பிடிக்காது.

என் அண்ணன் லாரி ஓட்டுறான், மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல. அவன் வைகாசியில கட்டிக்கிட்டு வந்த பொன்செல்வி மதினி கபடி ஆடுறவங்க, மாவட்டத்துல ரைடுக்குப் போனா வெறுங்கையோட திரும்ப மாட்டாங்கன்னு பேரு. ஆடி மாசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த போட்டியில ரெண்டு பேரு சேர்ந்து காலைப் பிடிச்சு முறுக்கினதுல வலது முட்டி ஜவ்வு பாதி கிழிஞ்சு போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு, கத்தி வைக்கத் தேவையில்ல, பயிற்சியிலயே சரி பண்ணலாம்னு சொல்லி பிசியோ ஜெபக்கனி மேடத்துக்கிட்ட அனுப்பினாங்க. அந்த மேடம் சொன்னது ரொம்பச் சின்ன வேலை. காலை நீட்டி உக்காரணும், ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வைக்கணும், துண்டை நசுக்குற மாதிரி முட்டியைக் கீழ அமுக்கணும், பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கணும், விடணும். இப்படிப் பத்துத் தடவை. பிறகு காலை மடக்காம ஒரு சாண் தூக்கிப் பிடிக்கணும். வீக்கம் வந்தா ஐஸைத் துணியில சுத்தி வைக்கணும், சப்பணம் போட்டு உக்காரக் கூடாது, குத்த வச்சு உக்காரவே கூடாது. மார்கழி கடைசியில விளையாட்டு ஒதுக்கீட்டுல போலீஸ் வேலைக்குத் தேர்வு இருந்தது, மதினிக்கு அந்த வேலைதான் எல்லாம். நான் பதினொண்ணோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வீட்டுல சும்மா கிடந்ததால எண்ணுற வேலை எனக்கு வந்தது. "கொழுந்தா, கணக்குலதான் பெயிலாயிட்ட, பத்து வரைக்குமாவது ஒழுங்கா எண்ணு"ன்னு மதினி கிண்டல் பண்ணுவாங்க. புரட்டாசிக்குள்ள மெதுவா ஓட ஆரம்பிச்சிட்டாங்க.

அப்பத்தான் ஒரு நாள் மத்தியானம் அம்மாவால தரையில இருந்து எந்திரிக்க முடியலை. எங்க அம்மா பூலம்மாள் இருபத்திரண்டு வருசமா மடியில சுளகை, இலையும் தூளும் போட்ட முறத்தை வச்சுக்கிட்டு, காலை மடக்கி உக்காந்து பீடி சுத்துறவ, அவ முட்டி ரெண்டும் துருப்பிடிச்ச கீல். மதினி தூக்கி விட்டுட்டு, அம்மா மூஞ்சியில இருந்த வேதனையைப் பார்த்து, சிரிக்க வைக்கலாம்னு நினைச்சு ஒரு காரியம் பண்ணாங்க. புள்ளைங்களுக்குக் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிப்பாங்கல்லா, கண்ணு பட்டதெல்லாம் என்னோட போகட்டும்னு, அதை மூஞ்சிக்குப் பண்ணாம அம்மா முட்டிக்குப் பண்ணாங்க. "எங்க அத்தை முட்டிக்கு எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு"ன்னு சொல்லி வழிச்சு எடுத்துத் தன் நெத்திப் பொட்டுல முறிச்சாங்க. பத்து விரலும் ஒண்ணா வெடிச்சுது. அம்மா நேரா நடந்து போயி அடுப்புல காப்பி வச்சா. மதினி இருந்த இடத்துலயே உக்காந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "ஓ, இப்படித்தான் இருக்குமா அத்தை, இதோடயா இத்தனை வருசம் இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா காப்பியில சீனி போடவே மறந்துட்டா. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலையில அம்மா குளத்தங்கரை மேலேயே நடந்து ரெண்டு மைல் தள்ளியிருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்தா. இது தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சாயந்தரம் பக்கத்து வீட்டு முப்பிடாதி அத்தை ஒரு கிண்ணம் பருத்திப்பாலோட வந்து, "மருமவளே, எனக்கும் ஒரு தடவை"ன்னு காலை நீட்டிட்டா. அம்மா மதினியைப் பார்த்தா. கல்யாணமாகி நாலு மாசத்துல, பொம்பளப் புள்ள டவுசர் போட்டுக்கிட்டு ஊர் ஊரா ஆடப் போகுதேன்னு முறைக்காம அம்மா மதினியைப் பார்த்தது அன்னைக்குத்தான். அந்தப் பார்வைக்காக மதினி கையை நீட்டிட்டாங்க. அதுதான் தப்பு. நான் இருந்தேன், தடுக்கலை, அதையும் சொல்லிருதேன்.

பிறகு எங்க முத்தாரம்மன் கோயில் தெரு அதுக்குப் பழகிப்போன வேகத்தைப் பார்க்கணுமே. ஒரு வாரத்துல முப்பிடாதி அத்தை வெட்டிப்போட்ட இலைத் துண்டுல நம்பர் எழுதி டோக்கன் குடுக்க ஆரம்பிச்சிட்டா, செவ்வாயும் வெள்ளியும் கிடையாது, தீட்டு வீட்டுக்காரங்க பதினாறு நாள் கழிச்சு வரணும், ஒரு ஆளுக்கு ஒரே தடவைதான், ரெண்டு முட்டியையும் ஒரே டோக்கன்ல முடிச்சிரணும்னு சட்டமே போட்டுட்டா. பொம்பளைங்க முட்டி வலி இல்லாம உக்காந்தாங்க, வலி இல்லாததால இன்னும் ரெண்டு மணி நேரம் கூட உக்காந்தாங்க, கூட உக்காந்ததால கூடப் பீடி விழுந்தது, பொன்னையா முகத்துல சந்தோசம் விழுந்தது. மினிபஸ் டிரைவர் கிளச் மிதிச்ச இடது முட்டியோட வந்தாரு, கோயில் பூசாரி வந்தாரு, பக்கத்து ஊருல எலும்புக்குக் கட்டுப் போடுற வைத்தியர் கூட, கூட்டமில்லாத நேரமாப் பார்த்துத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு வந்து தன் முட்டியைக் காட்டிட்டுப் போனாரு. யாரும் இது எப்படின்னு கேக்கலை. கேட்டதெல்லாம் எப்போன்னுதான்.

ஐப்பசி மழை விடாம ஊத்துச்சு. பீடி ஈரமானா கம்பெனியில கழிச்சிருவாங்க. மதினி முட்டிதான் அனலா இருக்கே, அதனால ஒருத்தி ஒரு சுளகுப் பீடியைக் கொண்டு வந்து கட்டில் பக்கத்துல வச்சுக் காய வச்சா. மறுநாள் ஏழு சுளகு. அதுக்கு மறுநாள் கட்டிலைச் சுத்தி, முட்டியைச் சுத்தி, காலுக்கு மேலயும் கீழயும் சுளகு, நடுவுல எங்க மதினி தூளு நெடியில இருமிக்கிட்டு. ஒருத்தி வந்து, "பொன்செல்வி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படு தாயி, என் சுளகுக்குச் சூடு வரல"ன்னு சொன்னா. நான் அந்தச் சுளகை எடுத்துத் தெருவுல வீசினேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடையாது.

ஐஸ் வச்சாத்தான் வீக்கம் அடங்கும்னு மீன்காரர்கிட்ட கெஞ்சிக் கொண்டு வருவேன், துணியில சுத்தி முட்டியில வச்ச ஒரு நிமிசத்துல தண்ணியாகி, அடுத்த நிமிசத்துல ஆவியாகிரும். ஒவ்வொரு வலியும் தனித்தனியா அதுக்குள்ள இருந்தது. மதினி கண்ணை மூடிக்கிட்டு, "இது பேராச்சி பெரியம்மைது, ஆஸ்பத்திரியில புள்ள பெத்துட்டு மூணாம் நாளே சுளகு பிடிச்ச வலி", "இது பூசாரிது, பெருமைக்குப் பூக்குழியில ஓடின வலி"ன்னு சொல்லுவாங்க. "எங்க உங்க வலி?"ன்னு கேட்டேன். "தேடுதேன் துரை, கூட்டத்துல காணோம்"ன்னாங்க.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஊருக்கு நல்லதுதானலே, அவளுக்கும் மரியாதையா இருக்கும்லா"ன்னான். வச்சிட்டேன்.

பொன்னையா வந்துட்டுப் போன மறுநாள் மதினி பாத்ரூம்ல விழுந்தாங்க. முட்டி மடங்கலை, பிடிக்கச் சுவத்துல ஒண்ணும் இல்ல. விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடுறதுக்குள்ள, வெளிய டோக்கனோட நின்ன ஒரு அக்கா கதவைத் தட்டி, "எம்மா பொன்செல்வி, இன்னைக்கு உண்டா இல்லியான்னு மட்டும் சொல்லிரு, நான் மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்"னு கேட்டா. சத்தியமா அப்படித்தான் கேட்டா. உள்ளயிருந்து மதினி, "உண்டு"ன்னாங்க. ஈரத் தரையில கிடந்துக்கிட்டு. "அக்கா, இருங்க, வந்துருதேன்"ன்னாங்க. நான் வரிசையைப் பார்த்துக் கத்தின கத்தல்ல என் தொண்டை ரெண்டு நாள் எந்திரிக்கலை. ஒருத்தரையும் தொட விடாம, மதினியை ஆட்டோவுல ஏத்தி ஜெபக்கனி மேடத்துக்கிட்டக் கொண்டு போனேன்.

மேடம் டேப்பை எடுத்து முட்டியைச் சுத்தி அளந்தாங்க. கையை வச்சுச் சூடு பார்த்தாங்க.

"எத்தன பேரு உள்ள இருக்காங்க?"

"நாப்பத்தோரு பேரு மேடம்."

"ம்." குறிச்சுக்கிட்டாங்க. "பயிற்சி பண்ணுதியா?"

"ஒரு மாசமா இல்ல மேடம், வீட்டுல ஆளு வந்துக்கிட்டே..."

"ஆளு வருவான். உன் கால் யாருது? சரி, துண்டை வை."

மேடம் ஆச்சரியப்படலை. அவங்க அறையில தினமும் முட்டியாத்தான் வருது, யாரு வலியை யாரு தூக்கிட்டு வர்றாங்கன்னு அவங்க எவ்வளவோ பார்த்திருப்பாங்க. மதினி பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்கினாங்க, நான் எண்ணினேன். பத்துத் தடவை முடிஞ்சதும் முட்டிக்குள்ள இருந்து 'டக்'னு ஒரு சத்தம், மேடம் திரும்ப அளந்தா ஒரு நூல் குறைஞ்சிருந்தது. "ஒரு நாளைக்கு ஒரு தடவை பண்ணு, இந்தச் சூட்டுல அதுக்கு மேல வேண்டாம். புதுசா ஒண்ணும் வாங்காத"ன்னாங்க. பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இந்தத் துண்டு வச்சு அமுக்குறதை அந்த நாப்பத்தோரு பேருமே அவங்கவங்க வீட்டுல பண்ணலாமே. உக்காந்த இடத்தைக் கொஞ்சம் உசத்திக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கலாம். மூணு மாசத்துல பாதி வலி குறைஞ்சிருக்கும். யாராவது கேட்டாங்களா?"ன்னாங்க. ஒருத்தரும் கேக்கலை மேடம், அவங்களுக்கு நேரமில்லன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு எரிஞ்சுது, ஏன்னா அது நிஜம். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சா ஆயிரம் பீடி எப்ப முடியும்?

நாங்க ஆட்டோவுல திரும்பி வர்றோம், ஊர் எல்லையில பொன்னையா வண்டியை மரத்துல சாய்ச்சிட்டுத் தரையில உக்காந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டிருந்தாரு. கூட்டமான பஸ்ல கடைசியா ஏறினவன் முதல்ல இறங்குறான்லா, அந்த மாதிரி. வலி நடந்தேதான் அவருகிட்ட வந்து சேர்ந்திருக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிச்சேன். மதினி சிரிக்கலை.

மதினி துண்டு வச்சு அமுக்கினா வலி குடுத்தவங்ககிட்டயே திரும்பி வந்துரும்னு ராத்திரிக்குள்ள ஊருக்கே விளங்கிருச்சு. மறுநாள் காலையில கோயில் முன்னால கூட்டம் போட்டாங்க. பூசாரி பேசினாரு, பொன்செல்வி நம்ம ஊருப் பொண்ணு, அவ முட்டி நம்ம ஊரு முட்டி, பொங்கலுக்குக் கம்பெனி ஆர்டர் இருக்கு, அது முடியுற வரைக்கும் துண்டு வைக்க வேண்டாம், தேர்வு அடுத்த வருசமும் வரும்லான்னாரு. முப்பிடாதி அத்தை அழுதா, நிஜமாவே அழுதா, "திரும்ப அந்த வலிக்கு என்னால போக முடியாது தாயி, நான் செத்துருவேன்"ன்னு மதினி கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ பொய் சொல்லலை. அதுதான் எனக்கு இன்னும் கோவம், ஒருத்தி கூடப் பொய் சொல்லலை. எல்லாருக்கும் நிஜமாவே வலிச்சுது, அந்த வலியைக் குடுத்தவன் யாருன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை, வாங்கிக்கிறவ கிடைச்சதும் குடுத்துட்டுப் போயிட்டாங்க. மதினி சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "மதினி, உங்களுக்கு வாயே கிடையாதா? ஏழு பேரு நிக்குற கோட்டுக்குள்ள தனியாப் போயி அடிச்சிட்டு வர்றவங்க, ஒரு வேண்டாம் சொல்ல மாட்டீங்களா?"

"அங்க மூச்சை விடாமப் பாடிக்கிட்டே போனா போதும் துரை, யாரு மூஞ்சியையும் பார்க்க வேண்டாம்"ன்னாங்க. சொல்லிட்டுக் கட்டில்ல சாய்ஞ்சாங்க. "பாத்ரூம்ல கிடந்தேன்லா. அப்ப நான் உண்டுன்னு சொன்னேன்லா. எனக்கு என் மேலதான் கேவலமா இருக்கு." பிறகு எந்திரிச்சு உக்காந்து, தானே துண்டைச் சுருட்டி வச்சாங்க. "பாடிக்கிட்டே அமுக்குதேன். நீ எண்ணு. கதவைப் பூட்டு."

நாப்பது நாள் பூட்டினேன். தினமும் பன்னிரண்டு மணிக்கு, மதினி கபடிகபடிகபடின்னு மூச்சு விடாமப் பாடிக்கிட்டு அமுக்க, நான் எண்ண, பத்து முடிஞ்சதும் 'டக்'னு ஒரு வலி இறங்கி, கதவுக்கு அடியில புகுந்து, தெருவுல நடந்து அதோட வீட்டைத் தேடிப் போகும். புது வலி உடனே போயிச் சேர்ந்துரும். ரொம்ப நாள் மதினிகிட்ட இருந்த வலி வழி மறந்து, நின்னு நின்னு, நேரமெடுத்துத்தான் போகும். மினிபஸ் டிரைவர் வலி அவரைப் பிடிக்க மூணு மணி டிரிப் வரைக்கும் ஸ்டாப்புல காத்திருந்ததா டீக்கடைக்காரரு சொன்னாரு. ஒவ்வொரு நாளும் தெருவுல ஒரு வீட்டுல இருந்து ஒரு அலறல், அடுத்து எங்க வீட்டுக் கூரையில ஒரு கல்லு. எனக்குச் 'சண்டாளப் பய'ன்னு பேரு வந்தது. மதினியை என்ன சொன்னாங்கன்னு நான் எழுத மாட்டேன். தெருக்குழாயில எங்க குடத்தை நகட்டி வச்சாங்க. பொன்னையா எங்க வீட்டுக்கு மட்டும் ஓட்டை இலையாப் பார்த்துக் குடுத்தாரு. அம்மா என்கிட்டப் பேசுறதை விட்டா, மதினிகிட்டச் சாப்பாட்டுத் தட்டை நகட்டும்போது மட்டும் 'ம்'ன்னுவா.

ஜெபக்கனி மேடம் ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்து, கோயில் முன்னால பாய் விரிச்சு, வலி திரும்பி வந்த பொம்பளைங்களுக்குத் துண்டு வைக்கச் சொல்லிக் குடுக்குறேன்னாங்க. மூணு பேருதான் போனாங்க. பேராச்சி பெரியம்மை அதுல ஒருத்தி. உக்காரச் சொன்ன உடனே, "இதுக்கு எத்தன நாளாகும் டாக்டரம்மா?"ன்னு கேட்டா. மூணு மாசம்னாங்க. "அந்தப் புள்ள ஒரு நிமிசத்துல பண்ணுச்சே"ன்னா. ஆனா எந்திரிச்சுப் போகல, அமுக்கினா. அதை மட்டும் சொல்லணும்னு சொல்லுதேன், அவ அமுக்கினா.

முட்டி நாளுக்கு நாள் சின்னதாச்சு, சூடு போச்சு, ஐஸ் ஐஸாவே நின்னுச்சு. கார்த்திகை முடியும்போது மதினி காலைத் தூக்கிப் பிடிச்சாங்க, மார்கழி பொறந்ததும் குளத்தங்கரையில நடந்தாங்க, பிறகு ஓடினாங்க, கூட்டம் கலைஞ்ச பிறகு உள்ள பார்த்தா அவங்க ஜவ்வு அவங்க வலியோட பத்திரமா ஒட்டிக்கிட்டு வந்திருந்தது. ஆனா குதிக்க முடியலை. குதிக்கப் போனா ஒண்ணு உள்ள இருந்து இழுக்கும். முதல்ல வந்தது. அடியில கிடந்தது. இருபத்திரண்டு வருசத்து வலி. அது யாருதுன்னு எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும்.

"அது இருந்துட்டுப் போட்டும் துரை"ன்னாங்க தேர்வுக்கு முந்தின நாளு. "அத்தை பாவம்."

"அதோட குதிப்பீங்களா?"

மதினி ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சாங்க.

தேர்வன்னைக்குக் காலையில அஞ்சரை மணிக்கு அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரத்துல நான் கதவைப் பூட்டிட்டுத் துண்டைச் சுருட்டி வச்சேன். மதினி ஷூ நாடாவைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. "என்னதுலே?"ன்னாங்க. நான் சொன்னேன், "அந்த மினிபஸ் டிரைவர் வலி அன்னைக்கு பஸ்ஸை விட்டுட்டுத் திரும்பி வந்துட்டு மதினி, நேத்து டீக்கடையில சொன்னாங்க, இப்ப உள்ள கிடக்கிறது அதுதான்." என் வாழ்க்கையில இதைவிடக் கேவலமான பொய்யை நான் சொன்னதில்ல, சொல்லும்போதே காது சுட்டுச்சு. மதினி என் மூஞ்சியையே பார்த்தாங்க. ரொம்ப நேரம். பிறகு காலை நீட்டி, கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை இழுத்துப் பாட ஆரம்பிச்சாங்க.

பத்தாவது தடவையில சத்தம் வரலை. ஒரு பெருமூச்சு மாதிரி ஒண்ணு வந்தது, அவ்வளவுதான். அந்த வலி வெளியே போகல, வீட்டுக்குள்ளயே நடந்தது, அடுப்படியைப் பார்த்துச்சு, அம்மா பாயைச் சுத்தி வந்துச்சு, பல மாசம் கழிச்சு ஊருக்கு வந்த ஆளு மாதிரி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்துக்கிட்டு ஒரு மூலையில நின்னுச்சு. மதினி எந்திரிச்சு ஒரு குதி குதிச்சாங்க. தலை கூரையில இடிச்சுது. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல, பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலைத் தாண்டிட்டாங்க. எதிர்ல அம்மா பால் பாத்திரத்தோட வந்தா, மதினி குனிஞ்சு அவ காலைத் தொட்டாங்க, அம்மா எத்தனையோ நாளைக்குப் பிறகு, "பார்த்துப் போம்மா"ன்னா.

அம்மா உள்ள வந்து, பாலை அடுப்புல வச்சிட்டு, சுளகை எடுத்து மடியில வச்சுக்கிட்டு காலை மடக்கி உக்காந்தா. அப்பத்தான் அது மூலையில இருந்து வந்து அவ முட்டியில உக்காந்தது. நான் பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா கத்தலை. தூளு எல்லாம் சிந்திப் போச்சு. உதடு வெளுத்துப் போயி, ரெண்டு கையாலயும் தரையைப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டா. பால் பொங்கி வழிஞ்சுது.

"ஏல துரை." என் பக்கம் திரும்பினா. "நீதானல?"

"ஆமா."

"எனக்குமால?"

நான் அடுப்பை அணைச்சேன். பக்கத்துல உக்காந்து தோளைப் பிடிச்சேன், தட்டி விட்டா, பிறகு அவளே என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. கண்ணுல தண்ணி நிக்காம ஓடுது, எங்க அம்மா அழுது நான் அதுக்கு முன்னால ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், அப்பாவைத் தூக்கின அன்னைக்கு.

வெளிய மினிபஸ் வந்து நிக்குற சத்தம் கேட்டுது. ஸ்டாப்புல எப்பவும் அஞ்சு நிமிசம் போடுவான், டிரைவர் டீ குடிப்பாரு.

"ஓடுலே"ன்னா அம்மா. "பஸ் எடுக்குறதுக்குள்ள ஓடு. ஒரே ஒரு தடவை முறிச்சிட்டுப் போகச் சொல்லு, அவ வருவா, நான் கூப்பிட்டேன்னு சொன்னா அவ வருவா. என் ராசால்லா. ஓடு."

வருவாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அம்மா கூப்பிட்டாங்கன்னு ஒரு வார்த்தை போதும், பையைப் போட்டுட்டு இறங்கி வந்துருவாங்க. எங்க வீட்டுல இருந்து ஸ்டாப்புக்கு நூறு அடி கூட இருக்காது, எனக்குப் பதினேழு வயசு, என் ரெண்டு முட்டியிலயும் ஒரு குறையும் இல்ல.

நான் போகல.